ஒரு குட்மார்னிங்குக்கு இவ்வளவு கோபமா?

எங்கள் குடியிருப்பு வாட்ஸ்ஆப் குழுவில் நேற்று நடந்தது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். ஸ்கிரீன்ஷாட் ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறது. மூன்றாவது மாடி சாரைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள். குற்றம், "பலமுறை எச்சரித்தும்" தினமும் காலையில் ரோஜாப்பூப் படத்தோடு குட்மார்னிங் போட்டது. தூக்கிய அறிவிப்புக்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். ஒருவர் "நிம்மதி" என்று வேறு எழுதியிருக்கிறார்.

நிம்மதியாம்.

அவருக்கு 78 வயது. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் டல்லாஸில். போன அக்டோபர் 1 முதியோர் தினத்தன்று இதே சங்கம்தான் அவருக்குப் பொன்னாடை போர்த்தி, போட்டோ எடுத்து, இதே குழுவில் போட்டது. அந்தப் போட்டோ மட்டும் யார் போனிலும் இடத்தை அடைக்கவில்லை போலிருக்கிறது.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். அந்த ரோஜாப்பூ உங்களுக்கு வாழ்த்து இல்லை. அது அவர் கொடுக்கிற ஆஜர். எழுந்துவிட்டேன், இருக்கிறேன், அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். வகுப்பில் "உள்ளேன் ஐயா" சொன்ன பையனை, ஏன்டா சத்தம் போடுகிறாய் என்று வெளியே நிறுத்துவார்களா யாராவது?

ஜப்பானில் ஜோஜிருஷி என்ற கம்பெனி 2001லேயே ஒரு வெந்நீர்க் கெட்டிலைக் கொண்டுவந்தது. தனியாக இருக்கிற அம்மா டீ போடக் கெட்டிலைத் தொட்டால், வேறு ஊரில் இருக்கும் பிள்ளைக்குத் தகவல் போய்விடும். மாதாமாதம் காசு கட்டி வைத்துக்கொள்கிறார்கள். வைத்துக்கொள்ளாமல் என்ன செய்வார்கள்? அங்கே 2024ல் மட்டும் வீட்டில் தனியாக இருந்து இறந்துபோனவர்கள் 76,020 பேர் என்று போலீஸ் கணக்கு. அதில் முக்கால்வாசிக்கு மேல் 65 வயது தாண்டியவர்கள். அவர்கள் காசு கொடுத்துச் செய்துகொண்ட ஏற்பாட்டை நம் வீட்டுப் பெரியவர்கள் ஒரு பூப்படத்தை வைத்து இலவசமாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். அதைத்தான் நாம் "ரிமூவ்" செய்கிறோம்.

என் அம்மா பாளையங்கோட்டையில் தனியாக இருக்கிறாள். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுநாளைக்கான படங்களைத் தேர்வு செய்ய உட்கார்ந்துவிடுவாள். செவ்வாய்க்கிழமை முருகன், சனிக்கிழமை பெருமாள். பின்தெரு டீச்சர் கிறிஸ்தவர், அதனால் அவருக்குச் சாமி படம் கிடையாது, பூ இல்லாவிட்டால் கிளி. கணவரை இழந்த ஒரு தோழிக்கு ஜோடிப் புறா படம் அனுப்பவே மாட்டாள். ஃபார்வர்ட் என்று நாம் கேலி செய்கிறோமே, அதற்குள் இவ்வளவு யோசனை இருக்கிறது.

போன மழைக்காலத்தில் ஒருநாள் டீச்சருக்கு அனுப்பிய கிளி ஒன்பது மணி வரை போய்ச் சேரவில்லை. எனக்குப் போன் போட்டாள். "ஒத்த டிக்குதான் விழுந்திருக்கு, மனசுக்கு ஒரு மாதிரி இருக்குட்டி" என்றாள். சார்ஜ் போயிருக்கும்மா என்றேன். நான் சொன்னதை அவள் காதிலேயே வாங்கவில்லை. பக்கத்து வீட்டுப் பையனை அனுப்பிப் பார்க்கச் சொன்னாள். போனில் சார்ஜ் இல்லாததும் உண்மைதான். டீச்சர் இரண்டு நாளாக எழுந்திருக்க முடியாத காய்ச்சலில் கிடந்ததும் உண்மைதான். நம்முடைய சங்கத்தில் இருக்கும் எட்டு சிசிடிவி கேமராவில் ஒன்றாவது இதைக் கண்டுபிடிக்குமா?

சரி, உங்கள் பக்கத்துக்கும் வருகிறேன், இல்லாவிட்டால் "ஒருதலைப்பட்சம்" என்பீர்கள்.

ஸ்டோரேஜ் நிறைகிறதாம். ஆட்டோ டவுன்லோடை அணைத்து வையுங்கள். 2018 வாக்கிலேயே கூகுள் தன் ஃபைல்ஸ் கோ செயலியில் குட்மார்னிங் படங்களைத் தேடி அழிக்க வசதி செய்து கொடுத்துவிட்டது. ஐடி கம்பெனியில் டீம் லீடாக இருப்பவர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

தண்ணி லாரி, லிப்ட் ரிப்பேர் போன்ற முக்கியமான செய்தி மேலே போய்விடுகிறது என்பது நியாயம். மறுக்கவில்லை. அறிவிப்புக்கு அட்மின் மட்டும் எழுதுகிற மாதிரி தனிக்குழு போட ஒரு நிமிஷம் ஆகாது. செய்தீர்களா? இல்லை. ஆளைத் தூக்குவது சுலபம்.

அவர் அரசியல் ஃபார்வர்டும் போடுகிறார் என்று ஒரு புகார். இந்தக் குழுவில் யார் போடவில்லை? செயலாளர் தன் நாய்க்குட்டிக்குப் பிறந்தநாள் கொண்டாடிய படங்களை வரிசையாகப் போட்டபோது எல்லோரும் ஹார்ட் விட்டோம்.

"பூங்காவுக்குப் போகலாமே, ஏதாவது ஹாபி வைத்துக்கொள்ளலாமே" என்று எழுதிய தம்பிக்கு: லிப்ட் வேலை செய்யாத நாளில் ஒருமுறை அந்த முழங்காலோடு மூன்று மாடி இறங்கிப் பார். 14567 என்று முதியோர் உதவி எண் இருக்கிறதே என்று இன்னொருவர். நல்ல எண்தான், எல்லோரும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஆனால் குட்மார்னிங் சொல்வதற்கு யாராவது ஹெல்ப்லைனுக்குப் போன் செய்வார்களா?

அப்புறம், "பிள்ளைகள் பார்க்க வேண்டியதை அக்கம்பக்கத்தார் தலையில் கட்டாதீர்கள்." இதைப் படித்ததும்தான் எனக்கு உண்மையாகவே வலித்தது. நானும் அம்மாவை ஊரில் விட்டுவிட்டு இங்கே இருக்கிற பிள்ளைதான். கூப்பிட்டால் வரமாட்டாள். இந்தப் பெட்டிக்குள் வந்து யாரோடு பேசுவது என்பாள். முன்பெல்லாம் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறி வந்து பத்து நாளாவது இருந்துவிட்டுப் போவாள். பெண்களுக்கு 58 வயதிலிருந்து பாதிக் கட்டணச் சலுகை இருந்தது, ஆண்களுக்கு 60லிருந்து 40 சதவீதம். 2020 மார்ச்சில் கொரோனாவைச் சொல்லி நிறுத்தினார்கள், கொரோனா போய்விட்டது, சலுகை திரும்பவில்லை. டிக்கெட்டை நான் எடுத்துத் தருகிறேன் என்றால், "உன் காசுல நான் எதுக்கு?" என்பாள். தன் பென்ஷனில் தானே டிக்கெட் எடுத்துப் பேரன் முன்னால் வந்து இறங்குகிற கெத்து போய்விட்டது அவளுக்கு. ரயிலில் ஒன்று போனது, திண்ணை இடித்துப் பார்க்கிங் ஆனபோது ஒன்று போனது. மிச்சம் இருப்பது கையில் இருக்கிற அந்தப் போன்தான். அதிலும் இப்போது பூட்டு.

ஆறு பேரில் ஒருவர் தனிமையில் வாடுகிறார் என்று 2025ல் உலக சுகாதார நிறுவனம் அறிக்கை கொடுத்தபோது அதையும் எங்கள் குழுவில் ஒருவர் பகிர்ந்தார். "ஸோ ட்ரூ" என்று பதில் போட்ட அதே விரல்தான் நேற்று கட்டைவிரலும் காட்டியது. பெயர் சொல்லவில்லை, படிக்கும்போது அவருக்கே தெரியும்.

"அக்கா ரொம்ப எமோஷனல் ஆகிறீங்க" என்று இன்பாக்ஸில் வராதீர்கள். ஆமாம், எமோஷனல்தான். சாரை மறுபடி குழுவில் சேர்க்க வேண்டும் என்று சங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் எடுத்தாக வேண்டும். வாடகைக்கு இருப்பவர்களுக்குப் பேச உரிமையில்லை என்று வழக்கம்போல ஆரம்பிக்க வேண்டாம். நான் ஓனர். மெயின்டனன்ஸ் பாக்கியும் கிடையாது.