வெள்ள வரைபடத்துக்கு நடவுக் கணக்கும் வேண்டும்

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த கையோடு தென்பெண்ணையில் பெருகிய வெள்ளம் கடலூரில் ஆற்றோரக் குடியிருப்புகளையும் வயல்களையும் மூழ்கடித்தபோது, எவ்வளவு நிலம் நீரில் கிடக்கிறது என்பதை நம் கணினியிலேயே கணக்கிட முடியுமா என்று நண்பர்கள் பலர் கேட்டார்கள். முடியும். ஆனால் அந்தக் கணக்கை நம் வயலை அறிந்தவர்கள் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-1 செயற்கைக்கோள் படங்களை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதே முகமையின் இன்னொரு செயற்கைக்கோளான சென்டினல்-2 ஒளியைக் கொண்டு படமெடுப்பதால், ஐப்பசி கார்த்திகை மழையில் அதன் படங்களில் பெரும்பாலும் மேகமே தெரியும். சென்டினல்-1 ரேடார் அலையை அனுப்புகிறது. அது மேகத்தைக் கடந்து இரவிலும் தரையைத் தொடும். அசையாத நீர்ப்பரப்பு அந்த அலையை வேறு பக்கம் தெறிக்கவிடுவதால், நீர் நின்ற இடம் படத்தில் கருமையாக விழுகிறது. பைத்தான் நிரல்மொழியில் ராஸ்டீரியோ, நம்பை ஆகிய இரண்டு நிரலகங்கள் (ஆயத்த நிரல் தொகுப்புகள்) இருந்தால் கருத்த புள்ளிகளை எண்ணிப் பரப்பளவைச் சொல்லிவிடலாம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு நவம்பர் படத்தில் நானும் அப்படித்தான் எண்ணினேன். குறிஞ்சிப்பாடிப் பக்கம் விவசாயம் செய்யும் பெரியவர் ஒருவரிடம் வரைபடத்தைக் காட்டியபோது, நீல நிறம் பூசிய ஒரு கட்டத்தின் மேல் விரலை வைத்து, "தம்பி, இது வெள்ளம் இல்ல, நடவுக்கு நான் கட்டி வச்ச தண்ணி" என்றார். சம்பா நட்ட புதிதில் வயலில் நாற்றைவிட நீரே மிகுதி. ரேடாருக்கு அதுவும் வெள்ளமும் ஒன்றுபோலவே தெரியும். மழைக்கு முந்தைய படத்தோடு ஒப்பிட்டால் இந்தப் பிழை பெருமளவு குறையும். ஆனால் அந்த முந்தைய படம் நடவுக்கு முன்னா, பின்னா என்பது ஊராருக்குத்தான் தெரியும்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. வீடுகள் நெருங்கிய தெருவில் நீர் நிற்கும்போது, அலை நீரிலும் சுவரிலும் பட்டுச் செயற்கைக்கோளுக்கே திரும்புவதால் அந்த இடம் கருமைக்குப் பதில் வெளிச்சமாகத் தெரியும். கருமையை மட்டும் தேடும் நிரல் அந்தத் தெருவை முழுதாக விட்டுவிடும். மேலும், 2024 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்டினல்-1 வரிசையில் வானில் இயங்கியது சென்டினல்-1ஏ மட்டுமே. ஒரே கோணத்தில் மீண்டும் படமெடுக்க அதற்குப் 12 நாள் ஆகும். இடையில் வந்து வடிந்த நீருக்குப் படமே இராது.

ஆகவே நிவாரணத்துக்கு இத்தகைய வரைபடம் பயன்படுமானால், எந்தத் தேதிப் படம், எவ்வளவு கருத்தால் நீர் என்று கொள்ளும் வரம்பளவு எது, எந்த நிரல் என்பதை அதனுடன் சேர்த்தே வெளியிட வேண்டும். விடுபட்ட தெருக்காரர் அதைக் காட்டி முறையிட அப்போதுதான் வழி இருக்கும்.

கடலூர், பண்ருட்டி, பாகூர்ப் பகுதி விவசாயிகள் தங்கள் ஊரின் பெயரையும் இந்த ஆண்டு நடவு செய்த தேதியையும் கீழே எழுதுங்கள். அவற்றைச் சேர்த்து, நடவுக்குப் பிந்தைய, மழைக்கு முந்தைய படங்களை ஊர்வாரியாகத் தேர்ந்தெடுத்து நிரலுடன் இங்கேயே பகிர்கிறேன்.