நாலு அங்குலம் வேண்டும் மாமா

கடலூர் செம்மண்டலம் பக்கம் ஒரு பட்டை வேலைப் பட்டறை. பட்டை என்றால் வண்டிக்கு அடியில் பாரம் தாங்குகிற, வில் மாதிரி வளைந்த இரும்புத் தகடுகளின் அடுக்கு. நெல்லிக்குப்பம் போகிற கரும்பு டிரெய்லர், பண்ருட்டிப் பலா ஏற்றும் மினி வேன் என்று, சுமை தாங்காமல் இடுப்பு உட்கார்ந்துபோன வண்டிகளெல்லாம் நிமிர வருகிற இடம். உரிமையாளர் கலியபெருமாள். 'ஆஃப்ரோடு' என்று யாராவது சொன்னால், "ரோடு இன்னும் போடவில்லையா? கலெக்டரிடம் மனு கொடுங்கள்" என்பார். எதிரே நின்றவர் சேகர். மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை, வாசலில் ஒரு பழைய மகிந்திரா ஜீப். கலியபெருமாளின் அண்ணன் மகளைக் கட்டியவர். அதனால் இவர் மாமா, அவர் மாப்பிள்ளை. மாப்பிள்ளையைத் திட்டுவதாக இருந்தாலும் 'நீங்கள்' போட்டுத்தான் திட்டியாக வேண்டும். நான் என் வண்டிக்கு யு போல்ட் மாற்றப் போயிருந்தேன். கையில் டீ இருந்தது, காது சும்மா இருந்தது.

சேகர்: மாமா, வண்டியைத் தூக்க வேண்டும்.

மாமா: எந்தப் பள்ளத்தில் கிடக்கிறது? பையனிடம் ஜாக்கி கொடுத்து அனுப்பட்டுமா?

சேகர்: வாசலில்தான் நிற்கிறது மாமா. நான் சொல்வது லிஃப்ட் கிட். சஸ்பென்ஷனை உயர்த்துவது. நாலு அங்குலம்.

மாமா: எதற்கு நாலு?

சேகர்: மூன்று போதாது என்கிறார்கள்.

மாமா: யார்?

சேகர்: ஆறு போட்டவர்கள்.

மாமா: சரி. தூக்கிய பிறகு எங்கே ஓட்டப் போகிறீர்கள்?

சேகர்: மலையில்.

மாமா: கடலூரிலா?

சேகர்: கேப்பர் மலை இருக்கிறதே.

மாமா: மாப்பிள்ளை, அங்கே மத்திய சிறை இருக்கிறது. போலீஸ் வேன் தினமும் ஏறி இறங்குகிறது. இதுவரை ஒரு கைதிகூட 'வேனுக்கு உயரம் பத்தவில்லை, நான் வரமாட்டேன்' என்று சொன்னதில்லை.

சேகர்: சில்வர் பீச் மணல்?

மாமா: மணலில் உயரம் உதவாது. டயரில் காற்றைக் குறைக்க வேண்டும். டயர் அகலமாக உட்காரும், புதையாது. ஒட்டகத்தின் பாதம் பார்த்ததில்லையா? ரோட்டுக்கு வந்ததும் மறுபடி காற்றடித்துக்கொள்ள வேண்டும். செலவே இல்லை.

சேகர்: செலவே இல்லையென்றால் அதை எப்படி மாமா வெளியே சொல்லிக்கொள்வது?

(இதற்கு மாமா பதில் சொல்லவில்லை. சேகர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உண்மைக் காரணம் அதற்குப் பிறகுதான் வந்தது.)

சேகர்: 2024 டிசம்பர் தென்பெண்ணை வெள்ளம் ஞாபகம் இருக்கிறதா? முழங்கால் தண்ணீரில் என் ஜீப் நின்றுவிட்டது. எங்கள் தெருக்காரர் ஒருவர் புது மகிந்திரா 'தார்' ஜீப்பை உயரமாகத் தூக்கி வைத்திருக்கிறார். என்னைத் தாண்டிப் போனார். போனவர் பேசாமல் போகக்கூடாதா? கண்ணாடியை இறக்கி, 'ஹெல்ப் வேணுமா ப்ரோ?' என்றார். பேரன் எடுத்த மனிதர் மாமா. என்னை ப்ரோ என்கிறார்.

மாமா: அது இருக்கட்டும். உங்கள் வண்டி ஏன் நின்றது? டீசல் இன்ஜின், நனைந்து அடங்க அதில் ஸ்பார்க் பிளக் கிடையாது. ஏர் கிளீனர் வரை தண்ணீர் ஏறியதா?

சேகர்: இல்லை.

மாமா: பிறகு?

சேகர்: டீசல் தீர்ந்துவிட்டது.

மாமா: என்னது?

சேகர்: முள்ளோடை போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டு வைத்திருந்தேன். பாண்டிச்சேரி விலை கொஞ்சம் குறைவு...

(வெளியூர்க்காரர்களுக்காக: முள்ளோடை என்பது இங்கிருந்து போகும்போது புதுச்சேரி எல்லை தொடங்குகிற இடம். டீசல் போட முள்ளோடை போனேன் என்று ஒரு கடலூர்க்காரர் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். சேகர் உண்மையாகவே டீசல் போடத்தான் போவார். அதனால்தான் அவர்மேல் எனக்குப் பரிதாபம்.)

மாமா: நாலு அங்குலம் தூக்கினால் டாங்கில் டீசல் ஊறுமா மாப்பிள்ளை?

சேகர்: அதை விடுங்கள் மாமா. எந்தக் கிட் என்று மட்டும் சொல்லுங்கள். அந்தத் தார்க்காரர் போட்டதையே போட்டுவிடலாமா?

மாமா: அது காயில் ஸ்பிரிங் வண்டி. முன்பக்கம் இரண்டு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும். உங்களுக்கு நாலு மூலையும் பட்டை. அவர் செருப்பு உங்கள் காலுக்குச் சேராது.

சேகர்: பாடி லிஃப்ட் என்று ஒன்று, சஸ்பென்ஷன் லிஃப்ட் என்று ஒன்று சொல்கிறார்களே. என்ன வித்தியாசம்?

மாமா: (எழுந்து வேட்டியை மடித்துக் கட்டுகிறார்.) பார்த்துக்கொள்ளுங்கள், இதுதான் பாடி லிஃப்ட். சேஸ் என்கிற அடிச்சட்டத்துக்கும் பாடிக்கும் நடுவில் கட்டை கொடுப்பது. வேட்டி மேலே போய்விட்டது. கால் அதே சேற்றில். பெரிய டயர் நுழைய இடம் கிடைக்கும். சேஸ் இருந்த உயரத்திலேயே இருக்கும்.

சேகர்: சஸ்பென்ஷன் லிஃப்ட்?

மாமா: (குந்தி உட்கார்ந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுகிறார்.) குந்தியிருந்தவன் எழுந்து நிற்பது. முட்டி, இடுப்பு, தலை எல்லாம் ஏறியது. கணுக்கால் ஏறியதா?

சேகர்: இல்லை.

மாமா: அடியில் குனிந்து பாருங்கள். இரண்டு சக்கரத்தையும் இணைக்கிற ஆக்சில் நடுவில் பலாக்காய் மாதிரி ஒன்று தொங்குகிறதே, கிரவுன் பினியன் பல்சக்கரம் இருக்கிற குண்டு, அதுதான் உங்கள் வண்டிக்குக் கணுக்கால். அது சக்கரத்தோடு சேர்ந்தது. பட்டையை நாலு அங்குலம் தூக்கினாலும் பத்து அங்குலம் தூக்கினாலும் அது தரைக்கு மேலே நேற்று எவ்வளவோ இன்றும் அவ்வளவுதான். கல் இடிப்பதும் பெரும்பாலும் அங்கேதான்.

சேகர்: அப்படியானால் அது ஏறவே ஏறாதா?

மாமா: டயரின் மொத்த உயரம் 2 அங்குலம் கூடினால் அது 1 அங்குலம் ஏறும். செருப்பு தடித்தால்தான் கணுக்கால் உயரும்.

(சேகர் இதை போனில் குறித்துக்கொண்டார். குறித்துக்கொண்டாரே ஒழிய ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.)

சேகர்: பட்டை முனையைச் சேஸோடு சேர்க்கிற ஷேக்கிளை மட்டும் மாற்றினால்? 2 அங்குலம் நீளமான ஷேக்கிள் விற்கிறார்கள். 2 அங்குலம் ஏறுமாம்.

மாமா: 1 அங்குலம்தான் ஏறும். பட்டையின் ஒரு முனைதான் ஷேக்கிளில் தொங்குகிறது, மறுமுனை சேஸில். பெஞ்சின் ஒரு பக்கத்தை மட்டும் தூக்கினால் நடுவில் உட்கார்ந்தவன் எவ்வளவு ஏறுவான்? பாதி.

சேகர்: அப்போது நாலு அங்குலத்துக்கு எட்டு அங்குலம்...

மாமா: போடுங்கள். வளைவில் திரும்பும்போது வண்டி கரகம் ஆடும். முன்பக்கம் ஆக்சில் சாய்ந்து கேஸ்டர், அதாவது சக்கரம் திரும்புகிற அச்சின் சாய்வு, மாறும். ஸ்டியரிங் நேருக்கு வர அடம்பிடிக்கும், இல்லையென்றால் வேகத்தில் முன்சக்கரம் உதறும்.

சேகர்: சரி, அதுவும் வேண்டாம். பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் நாலு அங்குல இரும்புக் கட்டை? அது மலிவாம்.

(மாமா சிரிக்க ஆரம்பித்தார். டீ கொண்டுவந்த பையனும் சிரித்தான். எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் சிரித்து வைத்தேன்.)

மாமா: உங்கள் ஜீப்பில் பட்டை எங்கே ஓடுகிறது? ஆக்சிலுக்கு மேலேயா, கீழேயா?

சேகர்: (குனிந்து பார்த்து) கீழே.

மாமா: கீழே இருக்கிற பட்டைக்கும் மேலே இருக்கிற ஆக்சிலுக்கும் நடுவில் கட்டை வைத்தால் பட்டை இன்னும் கீழே போகும். பட்டையோடு வண்டியும் போகும். நாலு அங்குலம் தூக்க வந்து, காசும் கொடுத்து, நாலு அங்குலம் தாழ்த்திக்கொண்டு போவீர்கள்.

சேகர்: பட்டையைத் தூக்கி ஆக்சிலுக்கு மேலே மாற்றிவிட்டால்?

மாமா: செய்கிறவர்கள் உண்டு. ஐந்து அங்குலம் கிட்டத்தட்ட ஏறும். ஆனால் அது மகளுக்கு நகை வாங்குவது மாதிரி, தோட்டோடு நிற்காது. ஷாக் அப்சார்பர் நீளமானது வேண்டும். பழையதை விட்டால் முழுக்க நீண்டு தொங்கி, பட்டைக்கு மூக்கணாங்கயிறு போட்ட மாதிரி இழுத்துப் பிடிக்கும். பிரேக் ஹோஸ் நீளமானது வேண்டும். இல்லையென்றால் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது அது இழுபட்டு அறுந்துவிடும். ஸ்டியரிங் ராடு சாய்ந்து நிற்கும். மேடு பள்ளம் ஏறினால் நீங்கள் திருப்பாமலே வண்டி திரும்பும். பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற புரொப்பல்லர் ஷாஃப்ட் ஏற்கெனவே குட்டை. சாய்வு கூடினால் அதன் மூட்டில் இருக்கிற கிராஸ் தேய்ந்து வண்டி முழுக்க நடுங்கும். பாரம் மேலே போனதால் சரிவில் கவிழவும் சீக்கிரம் கவிழும். இத்தனையையும் சரிசெய்த பிறகு ஆர்டிஓ.

சேகர்: அவர் எதற்கு?

மாமா: வண்டிக்கு 15 வருடம் முடிந்து எத்தனை நாளாயிற்று? 5 வருடத்துக்கு ஒருமுறை அவர் முன்னால் நிறுத்திப் பதிவைப் புதுப்பிக்க வேண்டாமா? 1988 மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆம் பிரிவு. கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. நாளைக்கு எங்காவது இடித்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் டேப்பைத்தான் எடுப்பார்.

(மாமா எட்டாம் வகுப்பு. சட்டப் பிரிவை எண்ணோடு சொல்வார். பட்டறைச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறார், வருகிறவர்களைப் பயமுறுத்த.)

சேகர்: கடைசியாக ஒன்று. ஆஸ்திரேலியா மால். ஓல்ட் மேன் ஈமு என்று பெயர்...

மாமா: ஈமுவா? வேண்டவே வேண்டாம். 2012-இல் ஈமுக் கோழியில் போட்ட பணமே எனக்கு இன்னும் திரும்பவில்லை.

சேகர்: இது கோழி இல்லை மாமா, ஸ்பிரிங். எத்தனை அங்குலம் என்பதோடு, வண்டியில் எப்போதும் எவ்வளவு பாரம் இருக்கும் என்றும் கேட்டுவிட்டுத்தான் ஸ்பிரிங்கையே சொல்கிறார்கள்.

மாமா: அப்படிக் கேட்கிறார்களா? அப்படியென்றால் தொழில் தெரிந்தவர்கள். நானும் இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். பின்னால் என்ன வைத்திருக்கிறீர்கள்?

சேகர்: ஒன்றுமில்லை. ஏ4 பேப்பர்.

மாமா: எவ்வளவு?

சேகர்: பத்துப் பெட்டி.

(500 தாள் கட்டு ஒன்று, 75 ஜிஎஸ்எம் என்றால், 2.3 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. பெட்டிக்குப் பத்துக் கட்டு. சேகரே ஜெராக்ஸ் கடைக் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தார். 230 கிலோவைத் தாண்டியது.)

மாமா: எப்போது இறக்குவீர்கள்?

சேகர்: கடையில் இடமில்லை மாமா. வண்டியிலேயே இருக்கும். தீரத் தீர எடுத்துக்கொள்வேன், தீர்ந்தால் வாங்கி வைப்பேன்.

மாமா: எத்தனை நாளாக?

சேகர்: மூன்று வருடம்.

மாமா: மூன்று வருடமாக கோடவுனுக்குச் சக்கரம் மாட்டி ஓட்டிக்கொண்டு இருக்கிறீர்கள். டேய், டேப்பை எடு.

(சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நாலு பக்கமும் அளந்தார்கள். முன்பக்கம் இரண்டும் ஒன்று போல இருந்தன. பின்பக்கம் இடதுபுறம் மட்டும் ஒன்றரை அங்குலம் குறைவு. பையன் டார்ச் அடித்துக்கொண்டு அடியில் நுழைந்தான். உள்ளேயிருந்து குரல் வந்தது: "மூணாவது பட்டை ரெண்டு துண்டு.")

மாமா: மாப்பிள்ளை, நீங்கள் ஏற்கெனவே கிட் போட்டிருக்கிறீர்கள். கீழ்நோக்கிப் போட்டிருக்கிறீர்கள்.

சேகர்: இப்போது என்ன செய்வது?

மாமா: நாலு பட்டையையும் கழற்றுகிறேன். உடைந்ததை மாற்றி, மீதிக்கெல்லாம் வளைவு ஏற்றித் தருகிறேன். புஷ் எல்லாம் புதிது, சென்டர் போல்ட் புதிது, ஷாக் நாலும் புதிது. கம்பெனி கொடுத்த உயரம் திரும்பி வரும்.

சேகர்: எவ்வளவு ஏறும்?

மாமா: பின்பக்கம் ஒன்றரை.

சேகர்: ஒன்றரைதானா?

மாமா: பேப்பரை இறக்கினால் இரண்டு.

சேகர்: வெளியே நாலு என்று சொல்லிக்கொள்ளட்டுமா?

மாமா: ப்ரோவிடம் ஆறு என்றே சொல்லுங்கள். யார் வந்து அளக்கப் போகிறார்கள்?

(சேகர் முகத்தில் முதல்முறையாகத் தெளிவு வந்தது. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. 'ம்', 'சரி', 'கேட்கிறேன்' என்று மூன்று சொல்லில் பேசி முடித்தார். வீட்டிலிருந்துதான்.)

சேகர்: மாமா, அத்தையால் இப்போதே ஏற முடியவில்லையாம். இன்னும் தூக்கினால் பாடலீஸ்வரர் கோயிலுக்கு ஆட்டோவில்தான் வருவாராம். பக்கவாட்டில் ஒரு கால்படி பற்றவைத்துத் தர முடியுமா? தரையிலிருந்து ஆறு அங்குலத்தில் இருந்தால் போதும்.

மாமா: நடுவில் தொங்குகிற பலாக்காய் இடிக்கும் என்று இவ்வளவு நேரம் பேசினோம். இப்போது அதைவிடத் தாழ்வாக நீங்களே ஒன்றைத் தொங்கவிடப் போகிறீர்களா?

சேகர்: அத்தைக்கு முழங்கால் வலி மாமா.

மாமா: அண்ணிக்கு நான் வழி சொல்கிறேன். எழுந்திருங்கள்.

(சேகர் எழுந்தார். அதுவரை அவர் உட்கார்ந்திருந்த குட்டி ஸ்டூலைத் தூக்கி மாமா அவர் கையில் கொடுத்தார்.)

மாமா: பத்து அங்குல லிஃப்ட். இதையே வண்டியில் போட்டுக்கொண்டு போங்கள். நீள ஷாக் வேண்டாம், ஹோஸ் வேண்டாம், 52-ஆம் பிரிவிலும் வராது. ஆக்சில் இருந்த இடத்திலேயே இருக்கும், அண்ணி மட்டும் ஏறுவார்.

(சேகர் ஸ்டூலை ஜீப் பக்கத்தில் வைத்து, மேலே ஏறி நின்று பார்த்தார்.)

சேகர்: ஆடுகிறதே மாமா.

மாமா: எந்தக் கால்?

சேகர்: (குனிந்து பார்த்து) இடது பின்பக்கம்.

மாமா: அதையும் விட்டுவிட்டுப் போங்கள். வியாழக்கிழமை வண்டியோடு சேர்த்துத் தருகிறேன்.