மலைநாட்டு வெள்ளைக்கண்ணி, குளிரில் நிறம் மாறிய கீழ்நாட்டுக் குருவி அல்ல

நுவரெலியாப் பக்கம் திரியும் வெள்ளைக்கண்ணி என்ற சிறு குருவி, கீழ்நாட்டு வெள்ளைக்கண்ணி குளிரில் கறுத்ததுதான் என்றொரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு. இரண்டும் வெவ்வேறு இனங்கள். மலைநாட்டில் திரியும் இலங்கை வெள்ளைக்கண்ணியை 1872இலேயே தனி இனமாக விவரித்துவிட்டார்கள். 2017இல் வெளியான மரபணு ஆய்வு இன்னும் தெளிவு: இவை ஒன்றிலிருந்து மற்றது பிரிந்தவையே அல்ல, வெவ்வேறு காலத்தில் தனித்தனியாகத் தீவுக்கு வந்தவை. நமக்கு இதுதான் பெரிய விஷயம்.

இலங்கை இனத்தின் முதுகு கரும்பச்சை, அலகு சற்றுப் பெரிது. கீழ்நாட்டு இனத்தின் முதுகில் மஞ்சள் தூக்கலாக இருக்கும். கண்ணைச் சுற்றிய வெள்ளை வளையம் இரண்டுக்கும் உண்டு, அதை நம்ப வேண்டாம். மூடுபனியில் எடுத்த படத்தில் எந்தக் குருவியும் கறுப்பாகத்தான் தெரியும். வெயிலில், அலகும் முதுகும் தெரிய, பக்கவாட்டில் எடுங்கள். நடுத்தர உயரங்களில் இரண்டையும் காணலாம், ஆகவே இடத்தை மட்டும் வைத்துப் பெயர் சொல்லாதீர்கள்.

அழியும் அபாயத்தை வகைப்படுத்தும் உலகச் செம்பட்டியலில் இரண்டுமே கவலை குறைந்த வகை. ஆனால் கீழ்நாட்டு இனம் இந்தியா முழுக்கப் பரவியது. இலங்கை இனத்துக்கோ இந்தத் தீவைத் தவிர வேறு வீடில்லை.