சுவரில் எழுதிய விருந்து விதிகள்

எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய ரோமானிய நகரமான பொம்பெயில் 2024-இல் தோண்டியெடுத்த கறுப்புச் சுவர் விருந்தறை பற்றிய உங்கள் கட்டுரை அருமை. விளக்குப் புகையின் கரி தெரியாமலிருக்கக் கறுப்பு பூசினார்களாம், நல்ல வீட்டுக்காரப் புத்தி! ஆனால் அதே ஊரிலுள்ள 'ஒழுக்கவாதியின் வீடு' பற்றியும் இரண்டு வரி சேர்த்திருக்கலாம். தோட்டத்தை ஒட்டிய கோடைக்கால விருந்தறை. மூன்று பக்கமும் கட்டி எழுப்பிய சாய்வுத் திண்ணைகள், நடுவில் மேசை. சுவரில் விருந்தாளிகளுக்கு விதிகளை எழுதியே வைத்துவிட்டார்கள்: காலைக் கழுவிவிட்டு வா, எங்கள் திண்ணை விரிப்பைப் பத்திரமாகப் பார்த்துக்கொள், அடுத்தவன் மனைவியிடம் கண்ஜாடை காட்டாதே, சண்டை வேண்டாம், முடியாதென்றால் வீட்டுக்குக் கிளம்பு. அந்தக் கால ரோமானியர்கள் திண்ணையில் படுத்தபடி சாப்பிடுகிறவர்கள் ஆயிற்றே, காலழுக்கு நேராக விரிப்பில்தான் படியும். அது சரி, அந்தக் கடைசி விதியை எழுதவைத்த புண்ணியவான் யாரோ!