கென்யாவுக்கு இ-டிஏ கிடைத்தால் மஞ்சள் காய்ச்சல் ஊசி வேண்டாமா?

"இப்போது எல்லாம் ஆன்லைன். கென்யா இ-டிஏ வந்துவிட்டால் போதும், ஊசி கேட்டால் முந்தின நாள் போட்டுக்கொள்ளலாம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. இது தவறு. நம்பிப் போனால் திரும்பி வரும்போதுதான் மாட்டிக்கொள்வீர்கள்.

இ-டிஏ என்பது கென்யா தரும் பயண அனுமதி மட்டுமே. கென்யா போன்ற, மஞ்சள் காய்ச்சல் பரவும் நாட்டிலிருந்து செல்லுபடியாகும் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் இந்தியாவில் இறங்கினால், விமான நிலைய சுகாதார அதிகாரிகள் 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம். கென்யாவின் மசாய் மாரா சரணாலயத்தில் சிங்கம் பார்த்துவிட்டு வருபவருக்கும் இதே விதிதான்.

சான்றிதழ் ஊசி போட்ட 10-வது நாளிலிருந்துதான் செல்லும். உடலில் எதிர்ப்பாற்றல் உருவாக அவ்வளவு நாள் ஆகும். பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பதும் பழைய கதை: 2016 ஜூலை 11 முதல் ஒரே ஊசி ஆயுள் முழுக்கச் செல்லும்.

ஒரு குப்பியில் பல பேருக்கான மருந்து இருக்கும். கரைத்த 6 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். அதனால் பல மையங்கள் குறிப்பிட்ட நாளில், முன்பதிவு செய்தவர்களுக்கே போடுகின்றன. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே நாள் கேட்டுவிடுங்கள். பாஸ்போர்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள். சான்றிதழாகத் தரும் மஞ்சள் அட்டையில் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் எழுத்துப் பிசகாமல் இருக்கிறதா, முத்திரையோடு கையெழுத்தும் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள்.

இது உயிருள்ள வைரஸ் தடுப்பூசி. முட்டை ஒவ்வாமை கடுமையாக உள்ளவர்கள், கர்ப்பிணிகள், 60 வயதைத் தாண்டியவர்கள் முதலில் மருத்துவரிடம் பேச வேண்டும்.