பச்சைக் கோடு போட்டது நீங்கள், பணம் கட்டுவது நானா?

ராத்திரி பத்தரை மணிக்குப் போன் கம்பெனி அனுப்பிய அப்டேட்டைப் போட்டுவிட்டுப் படுத்தேன். விடியற்காலை நாலே முக்காலுக்கு அலாரம் அடித்தது. போனைக் கையில் எடுத்தால், திரையின் மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரு பச்சைக் கோடு. நூல் பிடித்துப் போட்ட மாதிரி நேராக. துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. அணைத்து அணைத்துப் போட்டேன், போகவில்லை. போன் கீழே விழவில்லை. தண்ணீர் படவில்லை. கண்ணாடியில் ஒரு கீறல் கிடையாது. படுக்கப் போகும்போது நன்றாக இருந்த போன் அது.

இதைப் படிக்கிற பலருக்கு இந்தக் கோட்டைத் தெரிந்திருக்கும். சில வருடங்களாகவே ஆமோலெட் (AMOLED) என்ற வகைத் திரை உள்ள போன்களில் இது வந்துகொண்டிருக்கிறது. ஒரு கம்பெனி என்று இல்லை, பல கம்பெனிப் போன்களிலும் வருகிறது. சிலருக்குப் பச்சை, சிலருக்கு ரோஜா நிறம். ‘அப்டேட் போட்டேன், கோடு வந்தது’ என்று நம் நாட்டில் எத்தனை பேர் புலம்பிவிட்டார்கள்! சத்தம் அதிகமான பிறகு சில கம்பெனிகள் குறிப்பிட்ட சில பழைய மாடல்களுக்கு மட்டும் இலவசமாகத் திரை மாற்றிக் கொடுத்தன. மற்ற மாடல் வைத்திருப்பவன் என்ன பாவம் செய்தான்?

நான் தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம். அப்பாவும் நானும் ரெண்டு ஏக்கரில் தக்காளி போடுகிறோம். காலையில் விலை வாட்ஸ்அப்பில்தான் வரும். பாலக்கோடு மார்க்கெட்டுக்கு ஏற்றுவதா, ராயக்கோட்டைக்கு ஏற்றுவதா என்பதை அந்த அரை மணி நேரத்தில்தான் முடிவு செய்ய வேண்டும். அந்தக் கோடு சரியாக விலை எண் வருகிற இடத்தில் விழுகிறது. 13-ஆ 18-ஆ என்று போனைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறேன். இந்தப் போன் எனக்கு அலங்காரத்துக்கு இல்லை. 28,000 ரூபாய். 12 மாதம் தவணை கட்டி வாங்கியது. வாங்கி இரண்டு வருடம் நாலு மாதம்தான் ஆகிறது.

சரி, சர்வீஸ் சென்டருக்குப் போகலாம் என்று பார்த்தால், தர்மபுரியில் அந்தக் கம்பெனிக்குச் சர்வீஸ் சென்டரே இல்லை. விற்க மட்டும் ஊருக்கு நாலு கடை, கடைக்கு நாலு பேனர். ரிப்பேர் என்றால் சேலத்துக்குப் போ என்கிறார்கள். பாலக்கோட்டிலிருந்து தர்மபுரி, தர்மபுரியிலிருந்து தொப்பூர் கணவாய் இறங்கிச் சேலம். அறுவடை நாளில் ஒரு நாள் முழுக்கப் போயிற்று. போய் டோக்கன் வாங்கி இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் இருந்த ஒரு அம்மா கையிலும் கோடு விழுந்த போன்.

கவுன்டரில் இருந்த தம்பி போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சார், வெளியில டேமேஜ் எதுவும் இல்ல. ஆனா வாரண்டி முடிஞ்சிருச்சு. டிஸ்ப்ளே மாத்தணும். பதினோராயிரத்து எண்ணூறு, அதுக்கு மேல ஜிஎஸ்டி.”

“தம்பி, உங்க அப்டேட் போட்ட ராத்திரிதானே இது வந்துச்சு?”

“அப்டேட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல சார். இது ஹார்டுவேர் பிராப்ளம்.”

ஹார்டுவேர் பிராப்ளம் என்றால் அந்த ஹார்டுவேரைச் செய்தது யார்? நானா செய்தேன்? அப்டேட் காரணம் என்றால் அது கம்பெனியின் தவறு. திரை மட்டம் என்றால் அதுவும் கம்பெனியின் தவறு. இரண்டில் எதைச் சொன்னாலும் பணம் என் பாக்கெட்டிலிருந்து ஏன் போக வேண்டும்? கேட்டால் அந்தத் தம்பி தலையைக் குனிந்துகொள்கிறார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. மேலே உட்கார்ந்திருப்பவர்களுக்கு வர வேண்டிய வசவையெல்லாம் மாதச் சம்பளத்துக்கு அவர்தான் வாங்கிக்கொண்டிருக்கிறார்.

இன்னும் கேளுங்கள். திரை கையிருப்பில் இல்லையாம், வர பத்துப் பதினைந்து நாள் ஆகுமாம். அதுவரை போனை அங்கேயே வைத்துவிட்டுப் போக வேண்டுமாம். உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிடச் சம்மதம் என்று கையெழுத்தும் போட வேண்டுமாம். திரை மாற்றுவதற்கு என் படங்களை ஏன் அழிக்க வேண்டும்? லாரி கண்ணாடி மாற்றக் கொடுத்தால் ஏற்றியிருக்கிற சரக்கைக் கொட்டிவிட்டா மாற்றுவார்கள்? “ரூல்ஸ் சார்” என்பதற்கு மேல் பதில் இல்லை. கடைசியில், “இதுக்குச் செலவு பண்றதுக்கு எக்ஸ்சேஞ்ச் ஆஃபர்ல புதுசு வாங்கிக்கலாமே சார்” என்றார்.

கோபம் தலைக்கு ஏறியது அங்கேதான். கோடு இல்லாமல் இருந்தால் என் போனுக்கு எக்ஸ்சேஞ்சில் எட்டாயிரம் வரும். கோடு விழுந்ததால் எண்ணூறு ரூபாய். போனைக் கெடுத்ததும் அவர்கள், கெட்டுப்போனதால் விலை இல்லை என்று சொல்வதும் அவர்கள், அதற்குப் பரிகாரமாகப் புதுப் போனைத் தலையில் கட்டப் பார்ப்பதும் அவர்களே. எங்கள் தக்காளியில் ஒரு கூடை அழுகியிருந்தால் வியாபாரி அந்த இடத்திலேயே கழித்துவிடுவார். விற்றவன்தான் பொறுப்பு என்பது மார்க்கெட்டில் எல்லோருக்கும் தெரியும். போன் கம்பெனிக்கு மட்டும் அந்த நியாயம் கிடையாதா?

போனைக் கொடுக்காமல் திரும்பி வந்துவிட்டேன். தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு அண்ணன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். இருபது வருட அனுபவம். பட்டன் போன் காலத்திலிருந்து பார்க்கிறவர். அவர்தான் புரிகிற மாதிரி சொன்னார். இந்தத் திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளி கொடுக்கும். அந்தப் புள்ளிகளை இயக்குகிற ஐ.சி. என்ற சின்னச் சில்லிலிருந்து தலைமுடி மாதிரி மெல்லிய இணைப்புகள் திரையின் ஓரத்தில் ஒட்டப்பட்டிருக்கும். சூட்டில் அந்த ஒட்டு விட்டுப்போனால் அந்த வரிசை மட்டும் அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். “அப்டேட் ஏறும்போது போன் ரொம்ப நேரம் கொதிக்கும்ல, ஏற்கெனவே வீக்கா இருந்த ஒட்டு அப்பத்தான் விடும். எனக்கு வர்ற கேஸ் பாதி அப்படித்தான்” என்றார்.

“நீங்களே மாத்திக் குடுங்கண்ணே” என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. ஒரிஜினல் திரையைக் கம்பெனி அவருக்கு விற்காது. காப்பித் திரை போடலாம், ஆனால் கைரேகை வேலை செய்யாது. ஒரிஜினலே எங்காவது கிடைத்தாலும், மாற்றிய பிறகு கைரேகையைச் சரிசெய்கிற மென்பொருள் கம்பெனியிடம் மட்டும் இருக்கிறது. பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் மெஷின் வைத்து அந்த இணைப்பை மறுபடி ஒட்டிக் கொடுக்கிறார்களாம். அதுவும் நிற்குமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. “கை இருக்கு, தொழில் தெரியும், சாமான் குடுக்க மாட்டேங்கறான். நான் என்ன பண்ணட்டும்?” என்றார். இருபது வருடம் தொழில் கற்ற மனிதனைக் கையைக் கட்டி உட்கார வைத்திருக்கிறார்கள்.

எங்கள் கிணற்று மோட்டாரைச் சொல்கிறேன். அப்பா வாங்கி பதினெட்டு வருடம் ஆகிறது. உள்ளே இருக்கிற கம்பிச் சுருள் (coil) மூன்று தடவை எரிந்திருக்கிறது. மூன்று தடவையும் பாலக்கோட்டில் ரீவைண்டிங் கடையில் போட்டு மறுநாள் மாலைக்குள் தண்ணீர் இறைத்தோம். எந்தக் கம்பெனி மோட்டார் என்று கடைக்காரர் கேட்டதுகூட இல்லை. அப்பாவின் டி.வி.எஸ். எக்ஸ்எல் வண்டிக்கு எந்தக் கிராமத்திலும் சாமான் கிடைக்கும், மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் மெக்கானிக் கழற்றி மாட்டுவார். அந்தக் கம்பெனியின் ஆலையும் இதோ ஓசூரில்தான் இருக்கிறது. வண்டியை விற்றுவிட்டு, அதை யார் திறக்கலாம் என்று அவர்கள் பூட்டுப் போடவில்லை. காசு கொடுத்து வாங்கிய பொருள் என்னுடையது என்றால் அதை என் ஊரில் திறக்கவும் எனக்கு உரிமை வேண்டும்.

அதே ஓசூர் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஐபோனின் பாகங்கள் தயாராகின்றன. எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகளும் அந்தப் பக்கம் போன் வேலைக்குப் போகிறார்கள். என்னுடையது ஐபோன் இல்லை, வேறு கம்பெனி. ஆனால் கேள்வி ஒன்றுதான். இந்தியாவில் செய்தது என்று பெட்டியில் பெருமையாக அச்சடிக்கத் தெரிகிறது. போன் செய்வதற்கு எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் கை வேண்டும், அதை ரிப்பேர் செய்ய எங்கள் ஊர்க் கை ஆகாதா?

இது முடியாத காரியம் ஒன்றும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் சட்டமே வந்துவிட்டது. ஒரு மாடலின் விற்பனையை நிறுத்திய பிறகும் 7 வருடம் வரை உதிரிபாகம் கொடுக்க வேண்டும். குறைந்தது 5 வருடம் அப்டேட் கொடுக்க வேண்டும். வெளியில் இருக்கிற ரிப்பேர்காரருக்கும் பாகமும் தகவலும் கிடைக்க வேண்டும். எளிதாக ரிப்பேர் ஆகுமா ஆகாதா என்பதைப் பெட்டியிலேயே A, B என்று எழுத்துத் தரம் போட்டுக் காட்ட வேண்டும். அங்கே விற்கிற அதே கம்பெனிகள்தான் இங்கேயும் விற்கின்றன. பிரான்சில் இருக்கிறவனுக்குக் கொடுக்க முடிந்த திரை பாலக்கோட்டுக்காரனுக்கு ஏன் வராது? அங்கே சட்டம் கேட்கிறது, இங்கே யாரும் கேட்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

நம் அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். ரிப்பேர் உரிமைக்கு என்று 2022-இல் மத்திய நுகர்வோர் துறை குழு போட்டது, அந்த வருடக் கடைசியில் ஒரு இணையதளமும் திறந்தது. போன்களுக்கு ரிப்பேர் மதிப்பெண் கொடுப்பது பற்றிய குழு 2025 மே மாதம் அறிக்கையும் கொடுத்துவிட்டது. குழு, இணையதளம், அறிக்கை எல்லாம் சரி. அந்த இணையதளத்தைத் திறந்தால் அதே சேலம் சர்வீஸ் சென்டருக்குத்தான் வழி காட்டுகிறது. கட்டாயம் என்று ஒரு வரி சட்டத்தில் வராதவரை இந்தக் கம்பெனிகள் அசையாது.

அப்டேட் வேண்டாம் என்று இருந்திருக்கலாமே என்பார்கள். எப்படி இருப்பது? ‘இப்போது நிறுவு’, ‘இன்று இரவு நிறுவு’ என்றுதான் கேட்கிறது, ‘வேண்டாம்’ என்ற பட்டனே இல்லை. தள்ளித் தள்ளிப் போட்டாலும் தினமும் வந்து நிற்கிறது. போட்ட பிறகு பழையதற்குத் திரும்பவும் வழி இல்லை, பூட்டிவிடுகிறார்கள். பாதுகாப்பு அப்டேட் அவசியம்தான், அதை மறுக்க மாட்டேன். பணம் அனுப்புகிற ஆப் எல்லாம் இருக்கிற போனில் ஓட்டை இருக்கக்கூடாது. அந்தப் பாதுகாப்பை மட்டும் தனியாகக் கொடுங்கள் என்கிறேன். அதோடு சேர்த்து இரண்டு ஜிபி-க்குப் புது அலங்காரமும், நான் கேட்காத மூன்று கேம் ஆப்பும் எதற்கு?

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அடித்துப் புகார் பதிவு செய்துவிட்டேன். அதற்கு, ‘வாரண்டி காலம் முடிந்துவிட்டது’ என்று கம்பெனியிடமிருந்து ஒரு வரி பதில் வந்தது. அதனால் தர்மபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக முடிவு செய்திருக்கிறேன். 5 லட்சம் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட்டால் போதும். கோடு விழுந்த போன் வைத்திருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். அப்டேட் போட்ட தேதி தெரிகிற பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். சர்வீஸ் சென்டரில் ‘வெளியில் சேதம் இல்லை’ என்று எழுதிக் கொடுக்கிற சீட்டைக் கேட்டு வாங்குங்கள், கொடுக்கத் தயங்குவார்கள், விடாதீர்கள். சேலத்துக் கவுன்டர் தம்பி எனக்கு எழுதிக் கொடுத்தார்.

பில், சீட்டு, கோட்டோடு எடுத்த படங்கள் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு வைத்திருக்கிறேன். நேற்றுக் காலை முதல் கோட்டுக்குப் பக்கத்தில் ரோஜா நிறத்தில் இன்னொரு கோடும் வந்துவிட்டது. அதையும் படம் எடுத்துச் சேர்த்தாயிற்று. திங்கட்கிழமை தக்காளி ஏற்றி அனுப்பிவிட்டு தர்மபுரிக்குப் போகிறேன்.