கோட்டைத் தாண்டியவருக்குக் கோப்பை

ஞாயிற்றுக்கிழமைச் சைக்கிள் பந்தயத்தின் கடைசிக் கிலோமீட்டர் காணொளியை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள் என்பதால் அதை நான் மறுபடியும் பகிரப் போவதில்லை. பார்க்காதவர்களுக்கு ஒரு வரி: மூன்று பேர் நடுக்கோட்டைத் தாண்டிப் போனதில், எதிரே வந்த பெரியவர் ஒருவர் வண்டியோடு மண்ணில் சாய்ந்தார்; தாண்டியவருக்கே முதல் பரிசும் கொடுத்தார்கள். இதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்று இரவு, வெற்றியாளர்கள் மேடையில் நிற்கும் புகைப்படத்துக்குக் கீழே ஒருவர், "ரேஸ் நடக்கிற நேரத்துல அந்தப் பெரியவருக்கு அங்க என்ன வேலை?" என்று கேட்டிருந்ததையும், அதற்கு நான் மதிக்கும் சிலர் உட்படப் பலர் சிரிப்புக்குறி இட்டிருந்ததையும் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

அந்தப் பெரியவருக்கு அங்கே இருந்த வேலை, தம்முடைய டிவிஎஸ் எக்ஸ்எல்லில் கீரைக்கட்டுகளை ஏற்றிக்கொண்டு, தம்முடைய ஊர்ச் சாலையில், தமக்குரிய இடப்பக்கத்தில் போவது. அதை அவர் மிகச் சரியாகவே செய்துகொண்டிருந்தார். அவருக்கு எதிரே, அவருடைய பக்கத்தில், மூன்று பேர் தலையைக் குனிந்துகொண்டு வந்ததுதான் அங்கே நடந்திருக்கக் கூடாத வேலை.

சாலை மூடப்படவில்லை. போக்குவரத்து ஓடிக்கொண்டிருக்கும் சாலையில்தான் பந்தயம் என்பது பதிவுப் படிவத்திலேயே இருந்தது; புறப்படுவதற்கு முன் ஒலிபெருக்கியிலும் சொன்னார்கள். நடுக்கோட்டுக்கு இடப்பக்கம் நமக்கு, அதுவும் சில மணி நேரத்துக்கு இரவலாக. வலப்பக்கம் எதிரே வருகிறவருக்கு. கோட்டைத் தாண்டினால் பந்தயத்திலிருந்து வெளியே. நான் சொல்ல வந்தது இந்த ஒரு வரிதான். இதைப் போய் இவ்வளவு நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்கிற ஆற்றாமையில்தான் மீதியை எழுதுகிறேன்.

"அந்த வேகத்தில் கோடெல்லாம் கண்ணுக்குத் தெரியாது" என்று ஒரு வாதம். அப்படியா? ஹேண்டில்பாரில் இருக்கும் சின்னத் திரையில் இதயத்துடிப்பு தெரிகிறது, கால் எத்தனை வாட் ஆற்றலில் மிதிக்கிறது என்பது தெரிகிறது, எந்தக் கியரில் போகிறோம் என்பதுகூடத் தெரிகிறது. கருப்புத் தாரில் வெள்ளையாகப் போட்ட கோடு மட்டும் தெரியாமல் போய்விடுகிறது! சரி, உண்மையிலேயே தெரியவில்லை என்றே வைத்துக்கொள்வோம். கோடு தெரியாத வேகத்தில் போகிறவருக்கு ஆள் எப்படித் தெரியும்? மணிக்கு 45 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 12.5 மீட்டர். எதிரே வரும் எக்ஸ்எல் 40இல் வந்தால் அது நொடிக்கு 11 மீட்டர். இருவருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி ஒவ்வொரு நொடியும் 23 மீட்டருக்கு மேல் கரைகிறது. மனிதன் ஒன்றைப் பார்த்து, புரிந்து, பிரேக்கைத் தொடுவதற்கே ஏறத்தாழ ஒரு நொடி ஆகிவிடும். முன்னால் செல்பவரின் சக்கரத்துக்கு அரை அடி பின்னால், காற்றுத் தடுப்புக்காக ஒட்டிக்கொண்டு வருகிறவருக்கு அந்த ஒரு நொடியும் கிடையாது. அவர் பார்ப்பது சாலையை அன்று, முன்னால் இருப்பவரின் முதுகை. அதனால்தான் முதலாமவர் கோட்டைத் தாண்டியதும் இரண்டாமவரும் மூன்றாமவரும் யோசிக்காமலே தாண்டினார்கள். முன்னால் இருப்பவர் தனக்காக மட்டும் அந்த முடிவை எடுப்பதில்லை.

காற்று பக்கவாட்டில் அடித்தது, கூட்டம் சாய்வரிசையாக விரிந்தது, இடமே இல்லை என்று இன்னொருவர் படமெல்லாம் வரைந்து விளக்கியிருந்தார். இந்த வாதத்தை நான் மதிக்கிறேன், ஏனென்றால் இதைச் சொன்னவருக்குப் பந்தயம் தெரியும். பக்கக் காற்றில் ஒவ்வொருவரும் முன்னவருக்குச் சற்றுப் பக்கவாட்டில் ஒதுங்கித்தான் மறைவு தேட வேண்டும், அப்படி ஒதுங்க ஒதுங்க வரிசை சாலையின் குறுக்கே விரியும் என்பதெல்லாம் உண்மை. அதே விதிப்படி, சாலையில் பாதிதான் நமக்கு என்றால் அந்த வரிசையில் ஐந்து பேரோ ஆறு பேரோதான் கொள்வார்கள். ஏழாவது ஆள் காற்றை வாங்கிக்கொண்டு பின்னால் வர வேண்டும், அல்லது இரண்டாவது வரிசை அமைக்க வேண்டும். அது வலிக்கும், குழு உடையும், சிலர் பின்தங்குவார்கள். அதற்குப் பெயர்தான் பந்தயம். இடமில்லை என்றால் பின்னால் போக வேண்டுமே தவிர, எதிரே வருகிறவரின் இடத்தை எடுத்துக்கொண்டு அதற்குக் காற்றைக் காரணம் சொல்லக் கூடாது. அன்றைக்குச் சாலையோரத்தில் ஓரிடத்தில் நெல் வேறு காயப் போட்டிருந்தார்கள். அதற்கும் ஒருவர் கோபித்துக்கொண்டார். நெல்லின் மீது வராத மரியாதை பதக்கத்தின் மீது மட்டும் எங்கிருந்து வருகிறதோ!

தொழில்முறைப் பந்தயங்களைப் பார்த்துத்தான் நாம் எல்லாவற்றையும் கற்றுக்கொள்கிறோம். கால் சவரம் செய்வதுகூட அங்கிருந்து வந்ததுதான். தண்டனையை மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. 2020 ஆகஸ்ட் 5 அன்று போலந்துச் சுற்றுப் பந்தயத்தில், கட்டோவிட்சே நகரத்தில் முடிந்த முதல் கட்டத்தின் கடைசிப் பாய்ச்சலில், டிலான் குரூனவேகன் தன் பாதையிலிருந்து விலகி ஃபாபியோ யாகப்சனைத் தடுப்பின் மீது தள்ளினார். யாகப்சன் செயற்கைக் கோமாவில் வைக்கப்பட்டார். கிட்டத்தட்ட எல்லாப் பற்களையும் இழந்தார். குரூனவேகனுக்கு ஒன்பது மாதத் தடை. அது முழுக்க மூடப்பட்ட சாலை, இருவரும் உலகின் தலைசிறந்த ஓட்டக்காரர்கள் என்பதை நினைவில் வையுங்கள். 2025 முதல் சர்வதேச சைக்கிள் சம்மேளனம் கால்பந்தைப் போல மஞ்சள் அட்டையையும் கொண்டுவந்துவிட்டது. ஒரே பந்தயத்தில் இரண்டு வாங்கினால் வெளியேற்றமும் ஏழு நாள் தடையும். அமெரிக்காவில் திறந்த சாலையில் நடக்கும் அமெச்சூர் பந்தயங்களில் நடுக்கோட்டு விதி என்றே ஒன்று உண்டு, தாண்டினால் தகுதி நீக்கம் வரை போகலாம். சைக்கிளை விட்டால் பிழைப்பில்லாதவர்களுக்கு இவ்வளவு கட்டுப்பாடு. திங்கட்கிழமை காலையில் அலுவலகத்துக்குப் போகப்போகிற நமக்கோ கேடயம், மாலை, கைதட்டல்.

"யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே" என்று கேட்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பெரியவர் மண்ணில் இறங்கி, வண்டியோடு சாய்ந்து, முழங்கை சிராய்த்து எழுந்தது உங்கள் அகராதியில் ஒன்றும் ஆகாததா? விளையாட்டு என்றால் ஆபத்து இருக்கத்தான் செய்யும் என்கிறீர்கள். ஒப்புக்கொள்கிறேன். காறை எலும்பு முறிந்து மறுபடியும் ஓட்ட வந்தவர்கள் எனக்கு நெருங்கிய நண்பர்கள். ஆனால் எது நடந்தாலும் என் பொறுப்பு என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டவர்கள் நாம். அந்தப் பெரியவர் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் இதே மாவட்டத்தில் ஒரு பந்தயத்துக்குத் தன்னார்வலராகப் போய், ஒரு கூட்டுரோட்டில் சிவப்புக் கொடியும் விசிலுமாக நின்றிருந்தேன். டவுன் பஸ் ஒன்றை நிறுத்தினேன். ஓட்டுநர் ஒரு வார்த்தை பேசாமல் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி நின்றார். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் சிலர் தூக்குச்சட்டியும் மண்வெட்டியுமாக ஓரத்தில் ஒதுங்கி நின்றார்கள். தாரில்கூட இல்லை, மண்ணில் நின்றார்கள். முதல் கூட்டம் வந்தது, அதில் ஒருவர் அந்தப் பெண்களைப் பார்த்து, "தள்ளு, தள்ளு!" என்று கத்திக்கொண்டே போனார். ஒருமையில். என் பக்கத்தில் நின்ற அம்மா என்னிடம், "யாரு சார் இவங்கள்லாம், போலீஸா?" என்று கேட்டார். இல்லம்மா, சும்மா சைக்கிள் ஓட்டுகிறவர்கள் என்றேன். "சும்மா ஓட்டுறதுக்கா இவ்ளோ கோவம்?" என்றார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. பஸ்ஸில் இருந்தவர்களும் எங்களுக்காகத்தான் காத்திருந்தார்கள். போகும்போது நன்றி சொல்லக் கை உயர்த்தியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். (ஓட்டும்போது தெம்புக்காகச் சாப்பிடும் ஜெல் பாக்கெட்டைப் பிரித்து வயல் வரப்பில் வீசியவர்களைப் பற்றி வேறு பதிவு எழுத வேண்டும்.)

ஏற்பாட்டாளர்கள் சாலையை மூடியிருக்க வேண்டும் என்கிறீர்கள். மூடியிருக்கலாம். இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் பந்தயத் தடம் இருக்கிறது, மேலக்கோட்டையூரில் சைக்கிள் பந்தயத்துக்கென்றே வெலோட்ரோம் என்கிற ஓடுதளம் இருக்கிறது, அங்கே நடத்தியும் இருக்கலாம். ஆனால் மூடாத சாலை என்று தெரிந்தே பணம் கட்டி வந்தவருக்கு இதைச் சொல்ல என்ன தகுதி? மூடாத சாலையில் ஓட்டத் தெரியாதவர் மூடிய சாலைக்குக் காத்திருந்திருக்க வேண்டும்.

என்னை உண்மையிலேயே உறுத்திய எதிர்வாதம் ஒன்றுதான். கார்க்காரர்களும் லாரிக்காரர்களும் நம்மைக் கொல்கிறார்கள், அதைப் பற்றி எழுதாமல் நம்மவர்களையே குற்றம் சொல்கிறாயே என்பது. 2022ஆம் ஆண்டில் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள், 17,884 சாவுகள். 2024 பிப்ரவரியில் நவி மும்பையில் காலைநேரச் சவாரியின்போது வாடகைக் கார் மோதி இறந்த அவதார் சைனி, இன்டெல் நிறுவனத்தின் இந்தியத் தலைவராக இருந்தவர். அந்தச் செய்தி வந்த அன்று நாம் எல்லோரும் முகப்புப் படத்தைக் கருப்பாக்கினோம். ஈ.சி.ஆரில் அதிகாலையில் ஓட்டும் ஒவ்வொருவரின் வீட்டிலும் அவர் திரும்பி வரும்வரை யாரோ ஒருவர் விழித்திருக்கிறார். இதையெல்லாம் அறிந்தவன்தான் நான். அதனால்தான் கேட்கிறேன்: கார்க்காரர் நமக்கு ஒன்றரை மீட்டர் விட வேண்டும் என்று பதாகை பிடித்தோமே, அந்த ஒன்றரை மீட்டரைக் கீரை விற்கிறவருக்கு நாம் ஏன் விடவில்லை? நம்மைவிடப் பெரிய வண்டி வந்தால் சட்டம் பேசுகிறோம், நம்மைவிட எளியவர் வந்தால் "தள்ளு" என்கிறோம். எட்டுக் கிலோ கார்பன் சைக்கிளில் உட்கார்ந்தவுடன் ஒரு சொகுசுக்கார்க்காரர் நமக்குள்ளும் ஏறி உட்கார்ந்துகொள்கிறாரே, அவரை என்ன செய்வது?

சைக்கிளுக்குச் சட்டமே கிடையாது என்று ஒரு வழக்கறிஞர் நண்பர் அலட்சியமாக எழுதியிருந்தார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவு மோட்டார் வாகனப் பந்தயத்தைத்தான் சொல்கிறது என்பது சரி. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சம்ஹிதாவின் 281ஆம் பிரிவையும் அவர் படித்துவிட்டு வரட்டும். பொதுவழியில் அஜாக்கிரதையாக எந்த வாகனத்தை ஓட்டினாலும், சவாரி செய்தாலும் அது பொருந்தும். ஆறு மாதம் வரை சிறை. மோட்டார் என்ற சொல்லே அதில் இல்லை. ஆனால் போலீஸ் வந்துதான் நமக்கு வெட்கம் வர வேண்டுமா?

கடைசியாக, நான் நான்காவது கூட்டத்தில் வந்தவன், பொறாமையில் பேசுகிறேன் என்று எழுதியவர்களுக்கு. நான்காவது கூட்டத்தில்தான் வந்தேன், சந்தேகமே வேண்டாம். பின்னால் வந்ததால்தான் அந்தப் பெரியவர் கீரைக்கட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்ததை என்னால் பார்க்க முடிந்தது. நானும் இன்னும் இருவரும் நின்று வண்டியைத் தூக்கிக் கொடுத்தோம். அதனால் என் நேரம் கெட்டது என்று, சவாரிகளைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலியில் ஒருவர் கேலி செய்ததும் எனக்குத் தெரியும். விளையாட்டின் பெயரைக் கெடுக்கிறேன், இனி அனுமதி கிடைக்காது என்று சொல்லி நம் சைக்கிள் குழுவிலிருந்தும் நீக்கிவிட்டீர்கள். அந்தக் குழு தொடங்கிய காலத்தில் காலை நான்கு மணிக்குப் பஞ்சர் ஒட்டிக் கொடுத்தவனை நீக்க ஒரு விரல் போதுமாயிருந்தது. கோட்டைத் தாண்டியவரை முடிவுப் பட்டியலிலிருந்து நீக்கத்தான் இன்னும் ஒருவருக்கும் விரல் நீளவில்லை.

குழுவில் இருக்கும் பையன் ஒருவன், இன்னும் கல்லூரியில்கூடச் சேராதவன், எனக்குத் தனியே செய்தி அனுப்பியிருந்தான்: "அண்ணா, தாண்டினவருக்குத்தானே ஃபர்ஸ்ட் பிரைஸ் குடுத்தாங்க, அப்போ அடுத்த ரேஸ்ல நானும் தாண்டலாமா?" கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறான். நான் என்ன சொன்னாலும் அது நான்காவது கூட்டத்துக்காரனின் பேச்சாகத்தான் போகும். ஏற்பாட்டாளர்களே, அவனுக்கான பதிலை நீங்கள் சொல்லுங்கள். பட்டியலைத் திருத்திச் சொல்லுங்கள்.